மிஷினுக்கா, எனக்கா

ஜனவரி 5, ஞாயிறு

எல்.ஐ.சி. ஏஜெண்ட் கொடுத்த டைரி இது. வழக்கமாக இவர்தான் எடுத்துக்கொண்டு மோட்டார் போட்ட நேரத்தை எழுதி வைப்பார். பேங்கிலிருந்து ரிட்டயர் ஆனதிலிருந்து இந்த வீட்டில் முதல் மரியாதை தண்ணீர்த் தொட்டிக்குத்தான். இந்த வருஷம் நான் பிடுங்கிக்கொண்டேன். மார்ச்சோடு எனக்கும் பணி ஓய்வு. பல்கலைக்கழகத்து டேட்டா சயின்ஸ் மையத்தில், இயக்குநர் என்று என் பெயர் போட்ட பலகை ஏப்ரலில் இறங்கிவிடும். அதற்குள் உருப்படியாக நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் வாசலில் ஜெரால்டு நிற்கிறான்.

ஜெரால்டு அருள்தாஸ். எண்பத்து நாலில் இங்கே திருச்சியில் எம்.எஸ்ஸி. புள்ளியியலில் என்னோடு சேர்ந்தவன், நாகர்கோவில்காரன். இப்போது சென்னையில் ஒரு கம்பெனிக்குத் தலைவன். பேப்பரில் படமெல்லாம் வருகிறது. என் கண்ணுக்கு அதே ஒல்லிப் பயல்தான், முடி மட்டும் போய்விட்டது.

அவன் கம்பெனியும் எங்கள் மையமும் சேர்ந்து ஒரு மிஷின் செய்திருக்கிறோம். மிஷின் என்றால் இரும்பு இல்லை, கம்ப்யூட்டர் புரோகிராம். பேர் நினைவுத்துணை. வயதானவர்கள் போன் பண்ணினால், "காலையிலிருந்து என்ன செஞ்சீங்க?" என்று கேட்கும். அவர்கள் பேசுவதை வைத்து, மறதி நோய் தொடங்குகிறதா என்று கணித்துச் சொல்லும். பிப்ரவரி கடைசியில் சென்னையில் குழுக் கூட்டம். பேராசிரியர்கள், கம்பெனித் தலைவர்கள் எல்லோரும் இருப்பார்கள். இது நம்பத்தக்கது என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் ஜனங்கள் கைக்குப் போகும்.

காபியைக் கீழே வைத்துவிட்டு ஜெரால்டு சொன்னான். "சும்மா விளையாட்டுக்கு நானே போன் பண்ணிப் பாத்தேன், வல்லி. ஒரு தடவை இல்ல, நாலஞ்சு தடவை. எனக்குத் தொடங்கிட்டுன்னு சொல்லுது."

கீழே வைத்த டம்ளரை எடுத்துத் திரும்ப அவன் கையில் கொடுத்தேன்.

"அது நிஜம்னா நான் நாற்காலிய விட்டு எறங்கணும். இல்லன்னா மிஷினக் குப்பையில போடணும். மிஷினுக்குக் கிறுக்கா, எனக்குக் கிறுக்கா, நீ பாத்துச் சொல்லு."

"மிஷினுக்குத்தான்" என்றேன்.

"பாக்காம சொல்லாத. நீ எதிர்க்கட்சி, கேட்டியா."

எதிர்க்கட்சி என்பது எங்கள் வகுப்பு வழக்கம். சனிக்கிழமை மத்தியானம் யாராவது ஒரு முடிவைக் கொண்டுவந்து கரும்பலகையில் எழுதினால், இன்னொருவர் எதிர்க்கட்சியாக உட்கார வேண்டும். வேலை அதைக் கிழிப்பதுதான். தயவு தாட்சண்யம் கூடாது. கிழித்து முடித்தபின் மிஞ்சினால்தான் அது முடிவு, அப்புறம்தான் டீ. பாதி நாள் டீ கிடைக்காது, ஏனென்றால் பாதி நாள் எதிர்க்கட்சி நான்.

சரி என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டான், இவருடைய செருப்பை. இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு, யாருக்கும் தவறும்.

ஜனவரி 8, புதன்

மோட்டார் காயில் போய்விட்டது. இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மையத்தில் பர்வீனிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். பர்வீன் எங்கள் உதவிப் பேராசிரியை. தக்கலை பக்கம். கெட்டிக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம். எனக்கு அந்த வயதில் இதைவிட நீளம் என்பார்கள். ஜெரால்டு விஷயத்தை அவளிடம் மட்டும் சொன்னேன். அவன் குரல் பதிவுகளைப் பார்க்கச் சம்மதம் என்று அவனே எழுதிக் கொடுத்திருக்கிறான்.

சாயங்காலம் அவனுக்குப் போன் போட்டேன். நானும் ஒரு சோதனை வைத்துப் பார்ப்போமே என்று பழைய கதையை எடுத்தேன். கம்ப்யூட்டர் சென்டர் ஞாபகமிருக்கா என்றுதான் கேட்டேன். அணை திறந்துவிட்டது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஏசி ரூமுக்குள் கோவிலுக்குப் போகிற மாதிரி போவோம். புரோகிராமை அட்டை அட்டையாகத் துளை போட்டு ஒரு கட்டாகக் கொடுக்க வேண்டும். மறுநாள்தான் பதில் வரும், அதுவும் ஒரு கமா விட்டுப்போச்சு என்று வரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என் அட்டைக் கட்டை அவன் கை தவறி மழைத் தண்ணீரில் போட்டான். நல்லவேளை, கட்டின் மேல் விளிம்பில் பென்சிலால் குறுக்காக ஒரு கோடு இழுத்து வைத்திருந்தேன். கோடு சேரும்படி அடுக்கினால் வரிசை வந்துவிடும். பஸ் ஸ்டாண்டு தரையில் குந்தி உட்கார்ந்து இரண்டு பேரும் அடுக்கினோம். கண்டக்டர் வந்து சீட்டாட்டமா என்று கேட்டார்.

எல்லாவற்றையும் அவனே சொன்னான். கண்டக்டருக்கு மாறுகண் என்பதுகூடச் சொன்னான். எனக்கே அது மறந்துவிட்டது. இவனுக்கா மறதி? வயிறு குளிர்ந்துபோய் ராத்திரிக்கு ரவா தோசை வார்த்தேன்.

ஜனவரி 11, சனி

ஜெரால்டு காலையில் போன் செய்து குழுக் கூட்டத் தேதியைக் கேட்டான், சொன்னேன். மத்தியானமும் போன் செய்து அதையே கேட்டான். ஆயிரம் வேலை இருக்கிற மனுஷன். ஒரு கம்பெனியை நடத்துவதென்றால் சும்மாவா.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஜெரால்டு மனைவி ரூபி வாழ்த்துச் சொல்லப் போன் செய்தாள். ஸ்கூல் டீச்சராக இருந்தவள், குரலிலேயே ஒரு சாக்பீஸ் சத்தம் இருக்கும். இன்றைக்கு அது இல்லை. "இப்ப அவர் கார் ஓட்டுறதில்ல அக்கா, நான்தான் ஓட்டுறேன்" என்றாள். முழங்கால் வலியா என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து, ஆமாக்கா, முழங்கால்தான் என்றாள். எண்ணெய் தேய்க்கச் சொன்னேன்.

சர்க்கரைப் பொங்கல் அடி பிடித்துவிட்டது. இவர் நன்றாக இருக்கிறது என்று இரண்டு தடவை போட்டுக்கொண்டார். மனுஷனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஜனவரி 20, திங்கள்

பிடித்துவிட்டேன்.

மிஷினுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க இரண்டு வகைக் குரல் வேண்டும். நோய் இருக்கிறவர்கள் பேசியது, இல்லாதவர்கள் பேசியது. கேட்டுக் கேட்டு அது வித்தியாசத்தைத் தானே கற்றுக்கொள்ளும். இந்தக் குரல்களை எங்கிருந்து வாங்கினார்கள் என்று பர்வீனை விட்டு ஊர் ஊராகப் பிரிக்கச் சொன்னேன். நோயாளிகள் பெரும்பாலும் தெற்கே ஒரு ஆஸ்பத்திரியில் பதிவு செய்தவர்கள். நாகர்கோவில் சுற்று வட்டாரம். நல்லபடியாக இருப்பவர்களோ திருச்சியிலும் சென்னையிலும் பென்ஷன்காரர்கள் சங்கத்தில் பதிவு செய்தவர்கள். எது கிடைத்ததோ அதை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். மிஷின் மறதியைக் கற்கவில்லை. ஊரைக் கற்றிருக்கிறது. நாகர்கோவில் பேச்சு வந்தால் நோய், திருச்சிப் பேச்சு வந்தால் சௌக்கியம்.

பர்வீன் தன் மாமியை, வாப்பாவின் அக்காவை, கூப்பிட்டுப் பேசச் சொன்னாள். எழுபத்தெட்டு வயசு. காலையில் என்ன மீன் வாங்கினேன், அதில் எது கெட்டுப்போச்சு, விற்றவனை என்ன ஏசினேன் என்று ஒன்றுவிடாமல் கொட்டினார்கள். மிஷின் சொன்னது, நோய். அவர்கள் தெருவில் இன்னும் நாலு பேரைப் பேச வைத்தோம். எல்லோருக்கும் நோய். நானும் பர்வீனும் பார்த்துக்கொண்டோம். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஆரம்பப் பாடம் இது. படித்தவர்கள் இத்தனை பேர் சேர்ந்து செய்கிற தப்பா இது? ஆனால் படித்தவர்கள்தான் இப்படிச் செய்வார்கள். மாடல், கணக்கு எல்லாவற்றையும் நூறு தடவை சரிபார்ப்பார்கள், குரல் எந்த ஊர் என்று ஒருத்தர் கேட்கமாட்டார்.

ஜெரால்டுக்குப் போன் போட்டேன். "உனக்கு ஒண்ணுமில்லடா. நீ நாகர்கோவில்காரன், அதுதான் உன் வியாதி."

சந்தோஷப்படுவான் என்று பார்த்தேன். கேள்விதான் வந்தது. "அப்போ திருச்சிக்காரன் ஒருத்தனுக்கு நெசமா தொடங்கியிருந்தா?"

"அவனைச் சௌக்கியம்னு அனுப்பிடும்."

"அதான பெரிய ஆபத்து? அவன் வீட்ல போய் நிம்மதியா இருப்பான். சரிபண்ணு, வல்லி. ரெண்டு பக்கமும் சரிபண்ணு."

இவனுக்கு நல்ல சேதி சொன்னால் இப்படித்தான். எரிச்சலோடு போனை வைத்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

பர்வீனோடு சண்டை.

அறிக்கையில், இந்த மிஷின் ஜெரால்டு விஷயத்தில் தவறு என்று எழுதியிருந்தேன். பர்வீன் படித்துவிட்டுப் பேனாவை எடுத்து அந்த வரிமேல் வைத்தாள்.

"மேடம், மிஷின் ஊரைப் பார்த்துச் சொல்லுதுன்னு காமிச்சிருக்கோம். சார் நல்லாயிருக்கார்னு காமிக்கலையே."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"நின்ன கடிகாரம் தப்புன்னா, இப்ப மணி அது இல்லைன்னு ஆயிடுமா மேடம்?"

எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. அவள் முகம் சிவந்து வெளியே போனாள். அரைமணி கழித்து நானே போய் அவள் அறைக் கதவைத் தட்டி, கேன்டீனில் கீரை வடை சூடாக இருக்கிறது, வருகிறாயா என்றேன். வந்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

முப்பது வருஷமாக புதுப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் நான் நடத்துகிற பாடம் அவள் சொன்னது.

பிப்ரவரி 2, ஞாயிறு. நாகர்கோவில்

தெற்கே நல்லபடியாக இருக்கிற பெரியவர்களின் குரல் வேண்டும். வடக்கே நோயாளிகளின் குரல் வேண்டும். திருச்சி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிகளை இரண்டு டாக்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். தெற்குப் பக்கம் நானும் பர்வீனும் வந்தோம். ஜெரால்டும் ரூபியும் சென்னையிலிருந்து வந்துவிட்டார்கள். அவன் ஊர் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும், ஹாலில் உட்காரவைத்து ஒவ்வொருவராகப் பேச வைத்தோம். டாக்டர் ஒருவர் முதலில் சோதித்து நல்லபடியாக இருக்கிறார் என்று சொன்னபிறகுதான் பதிவு.

ஜெரால்டைப் பார்க்கணுமே. பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் எல்லோரையும் பட்டப்பேர் சொல்லிக் கூப்பிட்டான். ஒருவரை, கணக்கு வாத்தியார் மேசையில் ஓணானை வைத்ததற்கு அடி வாங்கினாயே என்று கேட்டான். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒரு அம்மா மைக்கைப் பார்த்துப் பயந்து, "எனக்கு வெப்ராளமா இருக்கு, என்னத்தப் பேச?" என்றார்கள். ஜெரால்டு பக்கத்தில் உட்கார்ந்து, "பைய பேசுங்க சித்தி, காலைல என்ன கறி வச்சிய?" என்றான். அப்புறம் அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டமாகிவிட்டது.

மத்தியானம் அவன் பிறந்த வீட்டைக் காட்டுகிறேன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தான். சர்ச்சிலிருந்து இரண்டு தெரு. முக்கில் திரும்பி நின்றான். பிறகு எதிர்ப்பக்கம் போனான். மறுபடி நின்றான். ஒரு மெடிக்கல் ஷாப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ரூபி எங்கிருந்தோ ஓடிவந்து, "இந்தப் பக்கங்க" என்று கையைப் பிடித்தாள். ரோடெல்லாம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது, எல்லாம் மாடிக் கட்டிடம். எனக்கே உறையூரில் நான் பிறந்த தெரு இன்றைக்குப் பிடிபடாது.

ராத்திரிக்கு ஆப்பம். நன்றாயிருந்தது. சரியாகச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 12, புதன்

புதுக் குரல்களோடு மிஷினுக்கு முதலிலிருந்து பாடம் சொல்லிக்கொடுத்து முடிந்தது. பர்வீனின் மாமி இப்போது சௌக்கியம். அந்தத் தெருவே சௌக்கியம். ஓணான்காரரும் சௌக்கியம். தஞ்சாவூரில் முதலில் நழுவவிட்ட நோயாளிகளில் பெரும்பாலோரைப் பிடிக்கிறது. மையத்தில் எல்லோரும் கை தட்டினார்கள், யாரோ லட்டு வாங்கி வந்தார்கள்.

பர்வீன் லட்டு எடுக்கவில்லை. என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு ஒரு தாளை மேசைமேல் வைத்தாள்.

காஸ் சிலிண்டர் வந்தது. சாம்பார் பொடி அரைக்கக் கொடுத்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

சாம்பார் பொடி வந்தது. தனியா கூடிவிட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

பர்வீனை விட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். ஜெரால்டு பேசிய ஒவ்வொரு போனையும் தனித்தனியாக. அவள் ஒன்றும் சொல்லாமல் செய்தாள். அதே பதில். எந்த நாள் குரலைப் போட்டாலும் அதே பதில். மாசத்துக்கு மாசம் கொஞ்சம் கூடிக்கொண்டே வருகிறது.

பதிவுகளைக் காதில் மாட்டிக் கேட்டேன். அதுவரை கேட்கவில்லை. அவன் குரலை எனக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். "காலையிலிருந்து என்ன செஞ்சீங்க?" என்று மிஷின் கேட்கிறது. காபி குடித்தேன் என்கிறான். பேப்பர் படித்தேன் என்கிறான். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. ஃபேன் சத்தம் மட்டும். பிறகு, காபி குடித்தேன் என்கிறான்.

இவர் வந்து ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாய் என்று லைட்டைப் போட்டார். மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடுகிறது என்றார். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜெரால்டு வந்தான். நான்தான் வரச் சொன்னேன். ரூபி காரிலேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். இவர் போய்ப் பேச்சுத் துணைக்கு நின்றார்.

எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. புது மிஷின் தெற்கையும் வடக்கையும் இப்போது ஒரே கண்ணால் பார்க்கிறது என்றேன். எத்தனை சரி, எத்தனை தவறு என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அதுக்குள்ள நான் இருக்கேனா?"

தலையை ஆட்டினேன்.

"இப்பவும் என்னப் பிடிக்குதா?"

"ஆமாடா."

நாற்காலியில் சாய்ந்துகொண்டான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "கொள்ளாம்" என்றான். எங்கள் ஊரில் நல்லாயிருக்கு என்போம், அவன் ஊரில் கொள்ளாம்.

"என்ன கொள்ளாம்? உனக்குப் பைத்தியமா?"

"எனக்குத் தெரியும் வல்லி. செப்டம்பர்லயே தெரியும். ஸ்கேன் எடுத்தாச்சு, ரெண்டு டாக்டர் பாத்தாச்சு. தொடக்கந்தான். ரூபிக்குத் தெரியும், உனக்குத்தான் சொல்லல."

என் காதையே நம்பவில்லை நான். பிறகு அவன் மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். டாக்டர் சொன்னபிறகுதான் மிஷினுக்குப் போன் செய்திருக்கிறான். பிடித்தது. ஆனால் எதைப் பார்த்துப் பிடித்தது என்று அவனுக்குச் சந்தேகம். குரலெல்லாம் எந்த ஊரில் வாங்கினது என்று கம்பெனியில் கேட்டால் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கிழிக்க ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆளுக்கு அவன் விஷயம் தெரியக் கூடாது.

"விடை தெரிஞ்சவங்க சோதிச்சா அது சோதனையா? நீதான பாடம் நடத்துவ. எனக்கு நோய்னு முன்னாலேயே சொல்லியிருந்தா, அந்த ஓட்ட மிஷினே சரியாப் பிடிச்சிட்டுன்னு நீ கையெழுத்துப் போட்டிருப்ப. ஊர்ப் பிரச்சனைய யாரும் பாத்திருக்க மாட்டாங்க. எங்க ஊர்க் கெழவி ஒருத்தி விடாம ஆஸ்பத்திரில போய் நின்னிருப்பா."

"அப்ப நீ எனக்கு வச்ச பரீட்சையா இது?"

"உனக்கு இல்ல, மிஷினுக்கு. நான் அதுக்குள்ள மறைச்சு வச்ச ஒரு விடை, அவ்வளவுதான். எங்க ஊர்க்காரங்களையெல்லாம் நீ விடுவிக்கணும், என்ன மட்டும் விடக் கூடாது. ரெண்டும் நடந்தாத்தான் சரி."

திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆறு வாரம் என்னைப் பைத்தியக்காரி ஆக்கினாயே, நான் ரவா தோசை வார்த்துக்கொண்டிருந்தேனே என்று திட்டினேன். அவனுக்கு ரவா தோசை புரியவில்லை. அழுகை வந்துவிட்டது. நாற்பது வருஷத்தில் இவன் முன்னால் நான் அழுதது இதுதான் முதல் தடவை. அவன் கைக்குட்டை கொடுக்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த எங்கள் வகுப்பு போட்டோவைப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு பேராகச் சொன்னான். ஒன்றுகூடத் தவறவில்லை.

பிப்ரவரி 22, சனி

சென்னை. குழுக் கூட்டம். பெரிய ஹோட்டல், பெரிய மேசை, ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர். ஊரில் இருக்கிற பேராசிரியர்கள், கம்பெனித் தலைவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பாதிப்பேர் எண்பதுகளில் எங்களைப் போல அட்டையில் துளை போட்டவர்கள்தான், இப்போது கோட்டுப் போட்டிருக்கிறார்கள்.

என்ன தப்பு நடந்தது என்பதை முதலிலேயே சொன்னேன். மறைக்கவில்லை. திருத்தியதைச் சொன்னேன். நிபந்தனையும் போட்டேன். முதலில் நாலு மாவட்டம்தான். யாருக்கும் முடிவை மெசேஜில் அனுப்பக் கூடாது. பயிற்சி பெற்ற நர்ஸ் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அது செலவு என்றார் ஒருவர். செலவுதான் என்றேன்.

பெங்களூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் நல்ல கேள்வி கேட்டார். "தென்மாவட்டத்தில் நீங்கள் பிடித்தவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். நோய் முற்றியவர்கள். வேலைக்குப் போய்க்கொண்டு, மேடையில் பேசிக்கொண்டு, பார்த்தால் தெரியாதபடி தொடக்கத்தில் இருப்பவர்களை விட்டுவிடாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பேச்சு வழக்கைச் சரிசெய்கிறேன் என்று அதைச் செவிடாக்கிவிட்டீர்களோ?"

பதில் என் கையில் இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அவனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அப்படிப்பட்ட பதிவுகள் மிகவும் குறைவு, மேற்கொண்டு சேகரிக்க வேண்டும் என்று சொன்னேன். அதுவும் நிஜம்தான். பர்வீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெரால்டு எழுந்தான். மைக்கை வாங்கவில்லை.

"நான் இருக்கேன்லா" என்றான்.

யாருக்கும் விளங்கவில்லை. சிலர் சிரித்தார்கள், அவன் ஜோக் அடிப்பவன். அவன் அங்கேயே நின்று சொன்னான். நோயின் பேரைச் சொன்னான், எப்போது தெரியும் என்று சொன்னான். பழைய மிஷின் ஊருக்காகத் தன்னைப் பிடித்தது, புது மிஷின் நோய்க்காகப் பிடிக்கிறது, பேராசிரியை செண்பகவல்லிக்கு இது தெரியாமல்தான் சோதித்தார் என்று சொன்னான். "ஒரு ஆள வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது, அதை அவளே உங்களுக்குச் சொல்லுவா. ஆனா எண்ணத் தொடங்கணும்னா ஒண்ணுலருந்துதான தொடங்கணும்." மார்ச் கடைசியோடு தலைவர் பதவியை விடுகிறேன் என்றான். அதற்கடுத்து ஏதோ சொல்ல வந்தான். வார்த்தை வரவில்லை. நின்றுகொண்டே தேடினான். அந்த ஹாலில் அத்தனை பேரும் அவனோடு சேர்ந்து காத்திருந்தார்கள். பிறகு, சரி என்று சொல்லி உட்கார்ந்தான்.

பெங்களூர்க்காரர் தன் நாற்காலியை விட்டு எழுந்துபோய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றைக்கு என்னைத் திருச்சியில் கொண்டுவிடுகிறேன் என்று ஜெரால்டு ஒரே பிடிவாதம். நாங்கள் படித்த துறையை ஒரு தடவை பார்க்கணுமாம். ரூபிதான் ஓட்டினாள். அவனும் நானும் பின்னால்.

பெரம்பலூர் தாண்டியதும் கேட்டான். "மொத நாள் கிளாஸ் உனக்கு ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை.

அவன் சொன்னான். அன்றைக்கு ஒவ்வொருவராக எழுந்து பேர், ஊர் சொல்ல வேண்டும். இவன் எழுந்து, வாயைத் திறந்ததும், பின்பெஞ்சுப் பையன்கள் சிரித்திருக்கிறார்கள். எந்த ஊர் பாஷைடா இது, மலையாளமா என்று ஒருத்தன் கேட்டிருக்கிறான். இவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டானாம். முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி திரும்பி, "அவர் ஒழுங்காத்தான் பேசறார். உங்க காதுல என்ன கோளாறு?" என்று கேட்டாளாம். கிளாஸ் கப்சிப்.

"நீதான் அது. அதனாலதான் நான் போகல. இத்தன வருஷத்துல உங்கிட்ட நான் இத சொன்னதே இல்ல, கேட்டியா."

எனக்குத் துளிக்கூட ஞாபகம் வரவில்லை. எவ்வளவு தோண்டியும் வரவில்லை. என்னிடம் இல்லாத என்னை இவன் நாற்பது வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். இனி அவனிடமும் எத்தனை நாளோ. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாடாலூரில் இறங்கி டீ குடித்தோம். அவனுக்குச் சர்க்கரை இல்லாமல்.

சமயபுரம் டோல்கேட்டில் வண்டிகள் நீளமாக நின்றன. ஜெரால்டு என் பக்கம் திரும்பினான்.

"வல்லி, மொத நாள் கிளாஸ்ல நடந்தத உங்கிட்ட நான் சொல்லியிருக்கேனா?"

கண்ணாடியில் ரூபி என்னைப் பார்த்தாள்.

"இல்லையே" என்றேன். "சொல்லு."